வெட்டுக்கிளி கிடைக்கும் ஊர்

சித்திரை பாதி கடந்ததும் சேர்வராயன் மலைமேல் மத்தியானத்துக்குப் பிறகு மேகம் கட்டும். மேலே ஏற்காட்டில் மழை கொட்டும். கீழே அடிவாரத்துக்கு அநேகமாகக் காற்றுதான் இறங்கும். அந்தக் காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்து, சாலையோரப் புளியமரங்களை உலுக்கி, மாந்தோப்புக்குள் புகுந்து புறப்பட்டு, அரைமணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மறுநாள் விடிகாலையில் மரத்தடிகளில் மாங்காயும் சுள்ளியும் சிதறிக் கிடக்கும். கூடவே பிய்ந்த கூடுகளும். கூட்டுக்குப் பக்கத்தில் இன்னும் கண் திறக்காத, உடம்பில் ஒரு முடிகூட முளைக்காத குஞ்சுகள்.

சென்னையில் ஏப்ரல் வெயில் ஏறும்போதெல்லாம் எனக்கு அந்த மரத்தடிகள் நினைவுக்கு வருகின்றன. ஊரை விட்டு வந்தவர்கள் எதையாவது எண்ணி ஏங்குவார்கள். ஒருவருக்குத் திருவிழா, ஒருவருக்கு ஆற்றுக்குளியல், இன்னொருவருக்கு அம்மாவின் கைச்சமையல். என் ஏக்கம் ஒரு வேலையின்மீது. கீழே விழுந்த குஞ்சை மேலே சேர்க்கிற வேலை. சேர்க்க முடியாமல் போனால், தாய்ப்பறவை தேடித் தந்திருக்க வேண்டிய இரையை நாம் தேடிப்போய்க் கொண்டுவருகிற வேலை. எங்கள் தெருவில் அது குழந்தைகளின் விளையாட்டாக மட்டும் இருந்ததில்லை. பெரியவர்களும் சேர்ந்து செய்தார்கள்.

சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்களுக்கு அடிவாரம் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். வனத்துறைச் சோதனைச் சாவடி, டீக்கடை, குமட்டலுக்குப் பயந்து எலுமிச்சம்பழம் வாங்கிக்கொள்ளும் இடம். அதைத் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள், அப்புறம் சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிர். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்ட காபியும், ஏரியும், படகும், பூங்காவும் எல்லாம் மேலேதான். கீழே எங்களிடம் இருந்தது மலையின் கால்மாட்டுக் காடு. உசிலை, வேலம், மூங்கில், உண்ணிச்செடிப் புதர், பாறை இடுக்கில் கள்ளி. கோடையில் பார்த்தால் எல்லாம் காய்ந்து கிடப்பதுபோல் இருக்கும். ஆனால் பறவைகள் முட்டையிடுவதும் குஞ்சு பொரிப்பதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். வறண்டு தெரிகிற அந்தப் புதர்களுக்குள் எவ்வளவு இரை இருக்கிறது என்பது, ஒரு குஞ்சுக்குத் தீனி தேடிப் புறப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அதிகம் கிடைப்பது கொண்டைக்குருவிக் குஞ்சு. தலையில் கறுப்புக் கொண்டையும் வாலடியில் குங்குமச் சிவப்புமாக வீட்டைச் சுற்றியே திரியும் அந்தக் குருவி, கூடு கட்டுவதற்கு உயரம் தேடாது. செம்பருத்தி, காகிதப்பூக் கொடி, எலுமிச்சைச் செடி என்று கைக்கு எட்டுகிற இடத்திலேயே மெல்லிய குச்சிகளையும் வேர்களையும் வளைத்து, சிலந்தி வலையால் ஒட்டிக் கிண்ணம்போல் ஒரு கூடு. அதில் இரண்டு அல்லது மூன்று முட்டை. ஏறக்குறைய இரண்டு வாரம் அடைகாத்தால் குஞ்சு வரும். வந்த பன்னிரண்டு நாள் அளவில் குஞ்சு கூட்டை விட்டு இறங்கிவிடும். இறங்கும்போது அதற்குச் சரியாகப் பறக்கத் தெரியாது. புதருக்குள் தத்தித் தத்தித் திரியும். தாயும் தகப்பனும் தேடி வந்து ஊட்டும். ‘வழி தவறிய குஞ்சு’ என்று ஜனங்கள் தூக்கிக்கொண்டு வருகிறவற்றில் பாதிக்கு மேல் இப்படி இறங்கியவைதான். அது வழி தவறவில்லை. பறக்கப் படித்துக்கொண்டிருக்கிறது.

இதை எனக்குச் சொல்லித் தந்தது என் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர். அவர் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. குஞ்சை ஏந்திக்கொண்டு யார் ஓடிவந்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: “றெக்கை மொளச்சிருக்கா பாரு கண்ணு.” முளைத்திருந்தால், “எடுத்த எடத்துலயே கொண்டுபோய் உடு. பூனை வந்தா வெரட்டு. அதோட ஆத்தா மேலதான் உக்காந்து பாத்துக்கிட்டிருக்கும்” என்பார். முளைக்காத பச்சைக் குஞ்சாக இருந்தால்தான் அவர் எழுந்து வருவார்.

பச்சைக் குஞ்சுக்கு முதல் வைத்தியம் தீனி அல்ல, சூடு. இறகு முளைக்காத குஞ்சால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. பறவையின் உடல் நம்முடையதைவிடச் சூடானது, ஏறக்குறைய 40 டிகிரி. இரவெல்லாம் ஈரத்தரையில் கிடந்த குஞ்சு சில்லிட்டுப் போயிருக்கும். அந்த நிலையில் வாயில் எதை வைத்தாலும் செரிக்காது. அம்மாயி அதை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் பொத்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். பேச்சு, வம்பு, கீரை ஆய்வதற்கு மேற்பார்வை எல்லாம் நடக்கும். கை மட்டும் விரியாது. கொஞ்ச நேரத்தில் அவர் விரலிடுக்கிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வரும். அதற்குள் மாமா ஓலைக் கொட்டான் ஒன்றைத் தயார் செய்திருப்பார். மழைத்தண்ணீர் தேங்காமல் இருக்க அடியில் ஓட்டை போட்டு, காய்ந்த புல்லை அடைத்து, பழைய கூட்டில் மிஞ்சியதை அதன் மேல் வைத்து, கூடு இருந்த கிளைக்குப் பக்கத்திலேயே சணல் கயிற்றால் கட்டுவார்.

மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்று ஊரில் பலர் சொல்வார்கள். இன்றைக்கும் படித்தவர்கள்கூட அதையே சொல்கிறார்கள். அம்மாயி அதை நம்பியதில்லை, ஏனென்றால் தாய் வந்து சேர்த்துக்கொண்டதை அவர் பலமுறை கண்ணால் பார்த்திருந்தார். பறவை ஆய்வாளர்கள் சொல்வதும் அதேதான். பெரும்பாலான பறவைகள் மோப்பத்தால் குஞ்சை அடையாளம் காண்பதில்லை. குரலும் இடமும்தான் அவற்றுக்கு அடையாளம். விழுந்த இடத்துக்கு அருகிலேயே இருந்து குஞ்சு குரல் கொடுத்தால் தாய் வரும்.

அதன் பிறகு காத்திருக்க வேண்டும். நான் இவ்வளவு தூரம் ஏங்குவது அந்தக் காத்திருப்புக்காகத்தான். கொட்டானைக் கட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குள் போய்விட வேண்டும். மரத்தடியில் யாரும் நிற்கக் கூடாது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பிள்ளைகள் வரிசையாக முகத்தை வைத்துக்கொண்டு மூச்சை அடக்கிப் பார்ப்போம். தாய்க்குருவி உடனே வராது. முதலில் மின்கம்பியில் உட்காரும். வாயில் பச்சைப் புழு ஒன்று தொங்கும். இந்தக் கிளைக்கு வரும், மறுபடி கம்பிக்குப் போகும். புழுவை விழுங்கவும் விழுங்காது, கீழே போடவும் போடாது. கொட்டானுக்குள்ளிருந்து குஞ்சு கத்தும். கடைசியில் அது விளிம்பில் வந்து உட்கார்ந்து தலையை உள்ளே விட்டதும், ஜன்னலில் ஒரு பெருமூச்சு கிளம்பும். “சேத்துக்கிச்சு” என்று யாராவது சொல்வார்கள். அந்த ஒரு சொல் தெரு முழுக்கப் போகும். டீக்கடைக்காரர் கேட்பார், சேர்த்துக்கொண்டதா என்று. மலையிலிருந்து முதல் பேருந்தில் பலாப்பழம் கொண்டுவந்து இறக்கும் மலைக்காரப் பெண்கள் சாயங்காலம் திரும்பும்போது எட்டிப் பார்த்து விசாரிப்பார்கள்.

எல்லாக் குஞ்சையும் சேர்க்க முடியாது. தாயைப் பூனை பிடித்திருக்கும், வைரி தூக்கிக்கொண்டு போயிருக்கும், மரமே சாய்ந்திருக்கும். ஒரு பகல் பொழுதில் நல்ல பகுதி கழிந்தும் எந்தப் பறவையும் வரவில்லையென்றால் அம்மாயி கொட்டானை இறக்கச் சொல்வார். அன்றிலிருந்து அந்தக் குஞ்சு தெருவின் பொறுப்பு.

கூட்டில் இருக்கும் குஞ்சுக்கு விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கால்மணிக்கோ அரைமணிக்கோ ஒரு முறை வாயில் ஏதாவது விழ வேண்டும். தாயும் தகப்பனும் மாறி மாறிப் பறந்து செய்கிற வேலை அது. ஒரு மனிதனால், அதுவும் அலுவலகம் போகிற மனிதனால், அதைத் தனியாகச் செய்ய முடியாது. எங்கள் தெருவில் அதைப் பலர் பங்கிட்டுக்கொண்டார்கள். பள்ளி மணி அடிக்கும்வரை பிள்ளைகள், அப்புறம் அம்மாயி, மத்தியானம் எதிர்வீட்டு அத்தை, நான்கு மணிக்குமேல் மறுபடி பிள்ளைகள். இரை பிடிப்பது எங்கள் வேலை. உண்ணிச்செடிப் புதரோரம் புல்லைக் காலால் தட்டினால் வெட்டுக்கிளிகள் சிதறிப் பறக்கும். சின்னதாகப் பார்த்துப் பிடித்து, முள்ளுள்ள பின்னங்கால்களைக் கிள்ளி எறிந்துவிட்டுக் கொடுக்க வேண்டும். முருங்கையில் இருக்கும் கம்பளிப்பூச்சியைத் தொடக் கூடாது. முடியில்லாத பச்சைப் புழு நல்லது. முதல் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பினால் அன்றைக்குக் குஞ்சுக்கு விருந்து. எதுவும் கிடைக்காத பொழுதுக்குப் பொட்டுக்கடலை மாவைத் தண்ணீரில் பிசைந்து, நெல்மணி அளவு உருட்டி வைத்திருப்பார்கள். குச்சி நுனியில் எடுத்துக் கொட்டானை லேசாகத் தட்டினால் போதும். கண் திறக்காத தலை ஆடிக்கொண்டே எழும்பும், உடம்பில் பாதி வாயாகத் திறக்கும். உள்ளே செக்கச் சிவப்பு. தாய் இருட்டிலும் தவறாமல் ஊட்டத்தான் கடவுள் அந்தச் சிவப்பைக் கொடுத்தான் என்பார் அம்மாயி.

ஊட்டியதும் குஞ்சு தன்னிடத்திலேயே திரும்பி, பின்பக்கத்தை மேலே தூக்கும். வெள்ளைத் தோல் பையில் கட்டியதுபோல் எச்சம் வரும். கூடு அசுத்தமாகாமல் இருக்கத் தாய்ப்பறவை அதைக் கவ்வி எடுத்துப்போய் தூரத்தில் போடும். நாங்கள் இலையில் வாங்கிக்கொள்வோம். கண்ணே திறக்காத ஒரு உயிர் சுத்தம் பார்ப்பதை முதன்முதலில் கண்ட அன்று எங்களுக்கு ஏற்பட்ட வியப்பை எந்தப் பாடப்புத்தகமும் அதன்பிறகு எனக்குத் தரவில்லை.

தண்ணீர் கூடாது. இதில் அம்மாயி கண்டிப்பாக இருப்பார். இரக்கப்பட்டு யாராவது பஞ்சில் நனைத்துச் சொட்டுவிட வந்தால் கையைத் தட்டிவிடுவார். பறவையின் மூச்சுக்குழாய் வாய் நாக்கின் அடிப்பகுதியிலேயே திறந்திருக்கிறது; சொட்டும் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். குஞ்சுக்கு வேண்டிய ஈரம் புழுவிலேயே இருக்கிறது. பாலும் கூடாது. பால்குடி உயிர்களுக்கு உள்ளதுபோல் பறவையின் வயிற்றுக்குப் பாலைச் செரிக்கும் திறன் இல்லை. பால்சோறு ஊட்டப்பட்ட குஞ்சுகள் ஒன்றிரண்டு நாளில் போய்விடும்.

எல்லாப் பறவைக்கும் ஒரே முறையும் இல்லை. மணிப்புறாக் குஞ்சு வாயைத் திறக்கவே திறக்காது. அது தன் அலகைத் தாயின் தொண்டைக்குள் விட்டு, அங்கே சுரக்கும் தயிர் போன்ற ஒன்றைக் குடித்து வளர்வது. ஆந்தைக்குச் சதை வேண்டும். ஒருமுறை புளியமரப் பொந்திலிருந்து புள்ளி ஆந்தைக் குஞ்சு ஒன்று விழுந்தபோது, ஆந்தை ஆகாது என்று தெருவில் பாதிப்பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மாமா ஏணி போட்டு ஏறி, அந்தப் பொந்திலேயே வைத்துவிட்டு இறங்கினார். தவிட்டுக்குருவிக் குஞ்சைத் தொட்டாலோ கூட்டம் முழுவதும் திரண்டு வந்து தலைக்குமேல் கூச்சல் போடும். அந்தக் கூட்டத்தில் பெற்றவை மட்டுமல்லாமல் மற்றவையும் குஞ்சுக்கு ஊட்டுகின்றன. அதனால் தவிட்டுக்குருவிக் குஞ்சை நாங்கள் வளர்த்ததே இல்லை. வளர்க்கத் தேவை வந்ததில்லை. குயில் குஞ்சு கதை வேறு. காக்கையின் கூட்டில் பிறந்து காக்கையிடமே தின்று வளரும் அது, கீழே விழுந்தால் எடுக்கப் போகிறவன் தலையில் காக்கை கொத்தும். தன் பிள்ளை இல்லை என்பது காக்கைக்கு அப்போதும் தெரிந்திருக்காது.

கையில் வளர்ந்த குஞ்சுகளில் பிழைத்தவை கொஞ்சம்தான். பச்சைக் குஞ்சாக வந்தவை பெரும்பாலும் செத்துப்போயின. ராத்திரி பத்திரமாக மூடி வைத்துவிட்டுக் காலையில் திறந்தால் விறைத்துக் கிடக்கும். மாதுளைச் செடிக்கு அடியில் புதைப்போம். அழுகிற பிள்ளைகளை யாரும் பரிகாசம் செய்ததில்லை. பிழைத்த குஞ்சு முதலில் கொட்டான் விளிம்பில் ஏறும், அப்புறம் கொடிக் கயிறு, அப்புறம் எலுமிச்சைச் செடி. சில நாள் தீனிக்கு மட்டும் திண்ணைக்கு வரும். பிறகு வராது.

வளர்க்கிற குஞ்சுக்குப் பெயர் வைக்க அம்மாயி விட்டதில்லை. “பேர் வெச்சா ஊட்ட உட்டுப் போவாது, போகலைன்னா பூனை வாய்க்குத்தான் போவும்” என்பார். ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ், முட்டையிலிருந்து வந்த வாத்துக் குஞ்சுகள் தாம் முதலில் பார்க்கும் உயிரையே தாயாக வரித்துக்கொள்வதை ஆராய்ந்து எழுதியவர். விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுகளுக்காக 1973-ல் நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்ட மூவரில் ஒருவர். மனிதனிடம் ஒட்டிக்கொண்ட பறவைக்குத் தன் இனத்தோடு வாழத் தெரியாமல் போய்விடுகிறது. அம்மாயி அறிந்திருந்ததும் அதுதான். வளர்ப்பது விடுவதற்காக. நம் நாட்டுக் காட்டுப் பறவைகளை வீட்டில் அடைத்து வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அடைத்து வைப்பது பாவம் என்பது தெரிந்திருந்தது.

நான் சென்னைக்கு வந்து நெடுங்காலம் ஆகிறது. பழைய மகாபலிபுரம் சாலையில், உயர்ந்த கட்டடம் ஒன்றில் வீடு. இங்கும் கொண்டைக்குருவி இருக்கிறது. பால்கனித் தொட்டிகளில் கூடு கட்டுகிறது. போன கோடையில் எங்கள் குடியிருப்பின் காவலாளி, செருப்புப் பெட்டி ஒன்றில் குஞ்சைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். சாலையோர மரத்தைக் கிளை வெட்டியபோது விழுந்ததாம். அவர் ஒடிசாக்காரர். ஊரில் எங்கோ அவருக்கும் ஓர் அம்மாயி இருந்திருக்க வேண்டும். பெட்டிக்குள் துணியை அவ்வளவு பாங்காக மடித்து வைத்திருந்தார். இருவரும் கீழே நின்றோம். கூடு இருந்த மரம் இப்போது மொட்டைக் கட்டை. சுற்றிலும் தரை முழுக்கச் சிமெண்டுக் கல். புல்வெளி என்று இருப்பதில் வாராவாரம் மருந்து அடிக்கிறார்கள். நான் அந்தப் புல்லைக் காலால் தட்டிப் பார்த்தேன். எதுவும் பறக்கவில்லை.

குஞ்சை வேளச்சேரிச் சாலையில் உள்ள புளூ கிராஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். சென்னையில் இருப்பவர்களுக்கு அப்படி ஓர் இடம் இருப்பது பெரிய ஆறுதல். ஆனால் வரும் வழியெல்லாம் என் மனதில் நின்றது அந்தப் புல்தான். நான் அடிவாரத்தைப் பற்றி எண்ணும்போது மலை, காற்று, அம்மாயி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்தக் குஞ்சுகளை வளர்த்தது வெட்டுக்கிளி. ஓர் ஊரில் புழுவும் பூச்சியும் இருந்தால்தான் அங்கே விழுந்த குஞ்சைக் காப்பாற்றலாம் என்ற பேச்சுக்கே இடமுண்டு. அமெரிக்காவில் சிக்கடி என்று ஒரு பறவை இருக்கிறது, நம் சிட்டுக்குருவியைவிடச் சின்னது. அது ஒரே ஈட்டுக் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து இறக்கிவிட 6,000 முதல் 9,000 புழுக்கள்வரை தேடித் தர வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பழம் தின்னும் கொண்டைக்குருவிகூடத் தன் குஞ்சுக்கு முதலில் கொடுப்பது புழுவைத்தான். பால்கனித் தொட்டியில் கூடு கட்டிய குருவி அத்தனை புழுவுக்கு எங்கே போகும்?

ஊரே சேர்ந்து குஞ்சைப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் அடிவாரத்துக்கு மட்டும் உரியது என்று நான் பெருமை பேச மாட்டேன். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில் கூந்தன்குளம் இருக்கிறது. 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பே அந்த ஊரார் பறவைகளுக்குக் காவல் இருந்தவர்கள். மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் அவர்கள் வீட்டுக் கொல்லை மரங்களிலேயே கூடு கட்டும். எச்சத்தின் நாற்றத்தை அவர்கள் குறையாகச் சொல்வதில்லை. அது கலந்த வண்டலை வயலுக்கு உரமாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஊர் பால்பாண்டியைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். உயர்ந்த மரங்களிலிருந்து விழும் நாரைக் குஞ்சுகளையும் கூழைக்கடாக் குஞ்சுகளையும் பொறுக்கி எடுத்து, மீன் கொடுத்து வளர்த்து, பறக்கவிட்டவர். அவர் மனைவி வள்ளித்தாயும் கூடவே நின்று ஊட்டினார். வள்ளித்தாய் இப்போது இல்லை. கொண்டைக்குருவிக் குஞ்சுக்குப் போதும் ஒரு வெட்டுக்கிளி. நாரைக் குஞ்சு மீன் கேட்கும், நாள் முழுக்கக் கேட்கும். சொற்ப வருமானத்தில் அந்த வயிறுகளை நிரப்பிய அந்தத் தம்பதியை நினைக்கும்போது, என் தெருவின் கதை சின்னதாகிவிடுகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை, சந்தோஷம்தான்.

சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் 2020-ல் நடந்ததும் அப்படித்தான். தெருவிளக்குகளின் சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. விளக்கைப் போட்டால் கூட்டைக் கலைக்க வேண்டும். ஊர் கூடிப் பேசினார்கள். எல்லோரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை, இருந்தாலும் கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை, ஏறக்குறைய 40 நாள், அந்த ஊர் தெருவிளக்கு இல்லாமல் இருந்தது. அதே மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகள் மிரளும் என்று பல தலைமுறையாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. இந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் நான் அந்த ஊர்களுக்குப் போக ஆசைப்பட்டதில்லை. என் ஊர் இப்போதும் இப்படி இருக்கிறதா என்றுதான் மனம் கேட்கிறது.

அடிவாரத்துக்கு எப்போதாவது போகிறேன். அம்மாயி இல்லை. வீடு கைமாறிவிட்டது. புதிய சொந்தக்காரர் எலுமிச்சைச் செடி இருந்த இடத்தில் வண்டி நிறுத்தக் கூரை போட்டிருக்கிறார். அவருக்கு வண்டி இருக்கிறது, போட்டுத்தானே ஆக வேண்டும். மாந்தோப்புகளில் சில, கல் நட்ட மனைகளாகிவிட்டன. மே மாதம் ஏற்காட்டில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும்போது வண்டிகள் அடிவாரத்தில் ஏறிக் குப்பனூர் வழியாக இறங்கும்படி திருப்பிவிடுகிறார்கள், அவ்வளவு கூட்டம். மலைப்பாதையோரம் குரங்குகள் சிப்ஸ் பாக்கெட்டுக்காகச் சாலையிலேயே உட்கார்ந்திருக்கின்றன. வழியில் நிறுத்தித் தீனி போடுகிறவர்களுக்கு அது தர்மமாகத் தோன்றுகிறது. ஆனால் தீனிக்காகச் சாலையோரத்திலேயே பெருகிவிட்ட குரங்குகள் பக்கத்துப் புதர்களில் இருக்கும் முட்டையையும் குஞ்சையும் விடுவதில்லை. காட்டு உயிருக்குச் சோறு போடுவதெல்லாம் ஊட்டுவது ஆகாது. அம்மாயியிடம் ஊட்டுதலுக்கு ஒரு முடிவு இருந்தது: தானே தேடித் தின்னத் தெரிந்த அன்றைக்கு நிறுத்திவிடுவது.

இன்னும் எல்லாம் போய்விடவில்லை. சாவடியைத் தாண்டிச் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே நடந்தால் உண்ணிச்செடி இருக்கிறது, மூங்கில் இருக்கிறது. செம்போத்து நடந்து போகிறது. போன முறை புல்லைக் காலால் தட்டினேன், சிதறிப் பறந்தன. இந்த மலையின் பாறைச் சரிவுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னான் வாழ்கிறது. எங்கள் கொண்டைக்குருவிக்கு அது சொந்தக்காரன். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. அழியும் ஆபத்தில் உள்ள பறவைகளின் பட்டியலில் இருப்பது. மலையடிவாரத்துப் புதர்க்காடு வெறும் முள் என்று நினைப்பவர்களுக்கு, அதன் பெயரையாவது சொல்லி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

நான் இழந்ததைத் திரும்பப் பெற முடியாது. அம்மாயியின் உள்ளங்கைச் சூட்டை எந்தப் பேருந்தில் ஏறியும் போய் அடைய முடியாது. ஆனால் அவர் செய்ததைச் செய்ய யாருக்கும் தடையில்லை. அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். வரும் கோடையில் ஏற்காட்டுக்குப் போகும்போதோ, உங்கள் வீட்டு வாசலிலோ, தரையில் ஒரு குஞ்சைப் பார்த்தால் உடனே அள்ளிக்கொள்ளாதீர்கள். இறகு முளைத்துத் தத்தித் திரிந்தால் பக்கத்துப் புதரில் விட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள்; பூனையையும் நாயையும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சைக் குஞ்சாக இருந்தால் கையில் பொத்திச் சூடாக்கி, கூட்டிலேயே வையுங்கள். கூடு இல்லையென்றால் ஓட்டை போட்ட ஒரு கூடையில் புல் பரப்பி அதே மரத்தில் கட்டுங்கள். உங்கள் கை பட்டதற்காகத் தாய் ஒதுக்காது. தண்ணீர் சொட்ட வேண்டாம், பால் வேண்டாம், வண்டியில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு வர வேண்டாம். பொழுது போயும் தாய் வராவிட்டால் வனத்துறையிடம் சொல்லுங்கள். அடிவாரத்தில் சோதனைச் சாவடியிலேயே அவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு முழம் மண் இருந்தால், அதில் ஒரு மூலைக்கு மருந்து அடிக்காமல் புல்லையும் புதரையும் வளரவிடுங்கள். குஞ்சுக்கு இரை அங்கிருந்துதான் வர வேண்டும்.